‘ஆமாம்’ என்று போடு

அத்தியாயம் 14

போன வாரம் பள்ளி நிர்வாகியின் அறைக்கதவு நம் முகத்துக்கு நேராகச் சாத்தப்பட்டது. உள்ளே போன வேன்காரி என்ன ஆனாள் என்று கேட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த நிர்வாகியைத் திட்டித்தான் இருந்தன. பாவம், அந்த மனிதர் இன்னும் வாயையே திறக்கவில்லை. திறந்த பிறகு திட்டுவோம்.

"உட்காருங்கம்மா" என்றார் அவர்.

"நின்னே கேட்டுக்கிறேன் சார். வண்டிக்கு டீசல் போடணும்."

அவளுக்கு வேன்காரி என்று பேர் வைத்தது அண்ணி. குத்தலாகத்தான் வைத்தாள். "ஆமா, வேன்காரிதான். அதுக்கு என்ன இப்ப?" என்று இவள் அதையே பட்டம் மாதிரி எடுத்து மாட்டிக்கொண்டதில், குத்தியவளுக்கு வாயடைத்துப் போயிற்று. அன்றிலிருந்து வீட்டில் அவள் வேன்காரி, பள்ளியில் வேனம்மா. இந்தப் பள்ளி திறந்த காலத்திலிருந்து மஞ்சள் வேனை ஓட்டுகிறவள் அவள்தான். பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு கடைசி சீட் வரை போய், குனிந்து, சீட்டுக்கு அடியில் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் வண்டியைப் பூட்டுவாள். தூங்கிப்போன பிள்ளை ஒன்று உள்ளேயே கிடந்துவிடக் கூடாது என்ற பயம் அவளுக்கு எப்போதும் உண்டு. வேறு எதற்கும் அவள் பயந்து நாம் பார்த்ததில்லை.

பிள்ளைகளோடு வேலை பார்க்கிறவர்கள் தங்கள் மேல் குற்ற வழக்கு உண்டா இல்லையா என்று போலீஸ் சான்றிதழ் வாங்கிக் கொடுக்கவேண்டும். சில வருஷங்களுக்கு ஒரு முறை அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். புதுப்பிக்கும் பொறுப்பை இந்த முறை அவள் அண்ணனிடம் விட்டிருந்தாள். எல்லாம் கம்ப்யூட்டரில் செய்கிற வேலையாகிவிட்டது; அண்ணனுக்கோ கம்ப்யூட்டர் கடை.

"உங்க விண்ணப்பத்தை நிறுத்தி வெச்சிருக்காங்கம்மா" என்றார் நிர்வாகி.

"எதுக்கு சார்?"

"நீங்க கொடுத்த தகவலும் அவங்ககிட்ட இருக்கிற பதிவும் ஒத்துப்போகலையாம். உங்களுக்குப் போன வாரமே மெசேஜ் வந்திருக்குமே?"

"எனக்கு ஒண்ணும் வரலையே."

அவர் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். அதில் இருந்த போன் நம்பர் அவளுடையது அல்ல, அண்ணன் கடையுடையது. வருகிற எல்லோருடைய விண்ணப்பத்திலும் கடை நம்பரையே போட்டுவிடுவது அண்ணனின் பழக்கம். ஊரார் தங்கள் மெசேஜைப் பார்க்கத் தெரியாமல் திரும்பத் திரும்ப வந்து உயிரை எடுக்கிறார்கள் என்று அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தார்.

நம்பருக்குக் கீழே ஒரு கேள்வி. எந்த வழக்கிலாவது தண்டனை பெற்றிருக்கிறீர்களா? அதற்கு நேரே பதில். இல்லை.

அவள் இதற்கு முன் புதுப்பித்தபோதெல்லாம் காகிதத்தில், தன் கையால், ‘ஆமாம்’ என்று எழுதியவள். அந்தக் காலத்துத் தலைமை ஆசிரியை அதைப் படித்துவிட்டு, "அடிச்சியா?" என்று மட்டும் கேட்டார். "அடிச்சேன்" என்றாள். "பிள்ளைங்களை அடிப்பியா?" என்றார். "மாட்டேன்" என்றாள். சாவியைக் கொடுத்துவிட்டார். அந்த அம்மாள் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், சட்டமும் மாறிவிட்டது. இப்போது தகுதி உண்டா இல்லையா என்பதைப் போலீஸ் அலுவலகமே சொல்லவேண்டும்.

"இது நான் போட்ட பதில் இல்ல சார்."

"நான் நம்புறேன்மா. ஆனா என் கையில ஒண்ணும் இல்ல. இன்னிக்கு சாயங்காலம் பிள்ளைங்களைக் கொண்டுபோய் விட்டுடுங்க. நாளைக்குக் காலையில போலீஸ் ஆபீஸ்லேருந்து ஒரு கடிதமாவது இருந்தாத்தான் சாவி தர முடியும். இல்லேன்னா வேற டிரைவரைப் போட்டாகணும்."

"நாளைக்கு மட்டுமா, எப்பவுமா?"

அவர் பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினார்.

"தகுதி இல்லைன்னு வந்துடுச்சுன்னா எப்பவும்தான்மா."

திட்டுகிறவர்கள் இனி இவரைத் திட்டலாம். ஆனால் அவர் சட்டப்படி பேசினார், நாகரிகமாகவும் பேசினார். வேன்காரியே அவர் மேல் கோபப்படவில்லை. அவளுடைய கோபம் ஏற்கனவே கிளம்பி அண்ணன் கடைக்குப் பாதி வழி போய்விட்டிருந்தது.

*

அண்ணன் கடை என்பது ஒரு நீள அறை. முன்னால் இரண்டு கம்ப்யூட்டர், நடுவில் ஜெராக்ஸ் மெஷின், கடைசியில் போட்டோ எடுக்க ஒரு நீலத் திரை. கோட்டு இல்லாமல் வருகிறவர்களுக்காக ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்கும். எல்லா அளவு ஆட்களுக்கும் அது ஒன்றே. ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் தங்கை, சின்னவள். அக்காவும் அவளும் ஒரே மாடி வீட்டில் குடியிருக்கிறார்கள். ஒரே பாத்திரத்தில் சமைக்கிறார்கள். ஒருத்திக்குத் தலைவலி என்றால் மற்றவள் மாத்திரையை எடுத்து வைப்பாள். ஆனால் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் இத்தனை வருஷத்தில் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"என்னண்ணே போட்டே அதுல?"

அண்ணன் தலையைத் தூக்காமல், "எதுல?" என்றார்.

"என் விண்ணப்பத்துல."

"எல்லாருக்கும் போடுறதுதான் போட்டேன். நோய் இருக்கா, வழக்கு இருக்கா, வெளியூர்ல வேலை பார்த்தீங்களான்னு வரிசையா கேட்டுக்கிட்டே போவான். எல்லாருக்கும் இல்லை, இல்லை, இல்லைதான். கை பாட்டுக்குப் போயிடும்."

"கைக்குத் தெரியாது சரி. உனக்குத் தெரியுமே?"

நீலத் திரைக்கு முன்னால் கடைக் கோட்டை மாட்டிக்கொண்டு ஒருவர் போட்டோவுக்காக விறைப்பாக உட்கார்ந்திருந்தார். எழுந்து போவதா, இருப்பதா என்று தெரியாமல் அவர் முகம் கோணிற்று. அந்த முகத்தோடு போட்டோ எடுத்திருந்தால் எந்த அலுவலகமும் ஏற்றுக்கொண்டிருக்காது.

"மெதுவா பேசு. கடையில ஆள் இருக்கு."

"இருக்கட்டும். போன வாரமே மெசேஜ் வந்திருக்கு. உன் போனுக்கு. ஏன் சொல்லல?"

"நான் பார்த்து சரி பண்ணிடலாம்னு இருந்தேன்."

"எப்படிச் சரி பண்ணுவே?"

அண்ணன் மவுஸை இங்கும் அங்கும் நகர்த்தினார். அவருக்கு உள்ளூர உதறல் எடுத்தால் கை சும்மா இருக்காது. சின்ன வயதில் அப்பா முன்னால் நிற்கும்போது சட்டைப் பொத்தானைத் திருகுவார். இப்போது மவுஸ் கிடைத்திருக்கிறது.

"இங்க பாரும்மா" என்று இறங்கி வந்தார். "நீ ‘ஆமாம்’னு போட்டா அவங்க தோண்டுவாங்க. தோண்டினா வேலை போகும். உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன். அது எப்பவோ நடந்து முடிஞ்ச கதை. யாருக்கு ஞாபகம் இருக்கப்போகுதுன்னு நெனச்சேன்."

"எனக்கு ஞாபகம் இருக்குண்ணே. உனக்கு மறக்கணும். அதுக்காகத்தான் இல்லைன்னு போட்டே."

அண்ணனின் முகம் சுண்டிப்போயிற்று. காரணம் இல்லாமல் இல்லை.

புதிதாக வந்து சேர்ந்த வாசகர்களுக்காக அந்த எப்பவோ நடந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சின்னவளின் புருஷன் கைநீட்டுகிறவன். அன்றைக்கு அக்கா அந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது, உள்ளே சின்னவளின் தலை சுவரில் மோதுகிற சத்தம் தெரு வரை கேட்டது. வேன்காரி கதவைத் தட்டவில்லை. சீட்டுக்கு அடியிலிருந்து வீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவன் வலது கை மணிக்கட்டு நொறுங்கியது. அவன் புகார் கொடுத்தான். ‘உன் வாழ்க்கை போயிடும்மா, அக்காவுக்கு ஒண்ணும் ஆகாது, நான் பார்த்துக்கிறேன்’ என்று சின்னவளைக் கரைத்து, புருஷன் வீட்டில் திரும்பக் கொண்டுபோய் விட்டவர் அண்ணன். கோர்ட்டில் சின்னவள் கூண்டில் ஏறி, அக்கா காரணம் இல்லாமல் அடித்தாள் என்று சொன்னாள். குற்றவாளி என்று தீர்ப்பு எழுதினார்கள்; ஆனால் சிறைக்கு அனுப்பாமல், நன்னடத்தையாக இருப்பேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். சில காலம் கழித்து சின்னவள் ஒரு பையோடு அக்கா வீட்டு மாடிப்படியில் ஏறி வந்தாள். அக்கா கதவைத் திறந்து, பையை வாங்கி உள்ளே வைத்தாள். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. இன்று வரை கேட்கவில்லை.

"சரி, இப்ப என்ன பண்ணலாம்னு சொல்றே?" என்றார் அண்ணன். "நான் ஒரு கடிதம் அடிச்சுத் தர்றேன். ஏதோ ஆத்திரத்துல கை தவறி நடந்துடுச்சு, மன்னிச்சுக்கோங்கன்னு. அதைக் கொண்டுபோய்க் கொடு. உருகிடுவாங்க."

"கை தவறலண்ணே. நல்லா குறி பார்த்துதான் அடிச்சேன்."

கோட்டுக்காரர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு இருமலாக மாற்றப் பார்த்தார்.

"இந்தத் திமிர்தான் உன்னைக் கெடுக்குது!" அண்ணன் எகிறினார். "வேலை வேணுமா, வேண்டாமா உனக்கு?"

"வேணும். அந்த வேலையை விட்டா எனக்கு வேற எதுவும் தெரியாது, பிடிக்கவும் பிடிக்காது. ஆனா செஞ்சதைச் செய்யலைன்னு சொல்லி ஒரு வேலை எனக்கு வேண்டாம். ‘ஆமாம்’னு மாத்திப் போடு."

"இங்கேருந்து மாத்த முடியாது. நேர்லதான் போகணும்."

"போறேன்."

"போய் என்ன சொல்லுவே? இவளை இழுப்பியா?" என்று அண்ணன் ஜெராக்ஸ் மெஷின் பக்கம் கையைக் காட்டினார்.

மெஷினிலிருந்து யாருடைய சொத்துப் பத்திரமோ பக்கம் பக்கமாக வந்து விழுந்துகொண்டிருந்தது. சின்னவள் அதை அடுக்கிக்கொண்டிருந்தாள். விளிம்பு சேராமல் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டே இருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அவ சொன்னது அவகிட்ட இருக்கட்டும்" என்றாள் வேன்காரி. "நான் என்னோடதைத்தான் சொல்லப்போறேன்."

வெளியே வந்து வண்டியில் ஏறினாள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அழுகை வருகிறதோ என்று பார்த்தாள். வரவில்லை, பசிதான் வந்தது. காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

*

போலீஸ் அலுவலகத்தில் சான்றிதழ்ப் பிரிவு மாடியில் இருந்தது. படிக்கட்டுச் சுவரெல்லாம் மை. கைரேகை வைத்துவிட்டு இறங்குகிறவர்கள் காலங்காலமாகத் துடைத்து வைத்த மை. இப்போது மை போய், விரலை வைத்தால் படம் பிடிக்கிற கண்ணாடி மெஷின் வந்துவிட்டது. ஆனாலும் சுவருக்கு வெள்ளையடிக்க யாருக்கும் தோன்றவில்லை.

கூடம் நிறைய ஆட்கள். ஆஸ்பத்திரியில் சேரப்போகும் நர்ஸ் பெண்கள், வீட்டு வேலைக்காரிகள், காவலாளிகள், வெளிநாட்டுக்குப் போகிறவர்கள். குற்றம் செய்யவில்லை என்று எழுதி வாங்க வந்தவர்கள் எல்லோர் முகத்திலும் ஏதோ செய்துவிட்ட களை இருந்தது. அந்த இடத்தின் மகிமை அப்படி.

அவள் முறை வந்தது. மேஜைக்குப் பின்னால் சீருடையில் ஒரு அம்மாள். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதைத் தேடிக்கொண்டிருந்தார்.

"நெத்தியில இருக்கு மேடம்."

"தெரியும்" என்றார் சீருடை அம்மாள், தெரியாதவர் குரலில். கண்ணாடியை இறக்கித் திரையைப் பார்த்தார். முகம் மாறியது. "என்னம்மா இது? தண்டனை இருக்கு. இல்லைன்னு போட்டிருக்கீங்க. பொய்த் தகவல் கொடுத்தா தனியா ஒரு வழக்கு போட முடியும், தெரியுமா?"

"அதைத் திருத்தத்தான் வந்தேன். ‘ஆமாம்’னு போடுங்க மேடம்."

"யார் போட்டது இதை?"

"பட்டனை அமுக்கினது எங்க அண்ணன். படிச்சுப் பார்க்காம விட்டது நான். எந்தத் தப்பு யாருதுன்னு நீங்களே பிரிச்சு எழுதிக்கோங்க."

சீருடை அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இந்த நாற்காலிக்கு எதிரே உட்காருகிறவர்கள் வழக்கமாக அழுவார்கள், இல்லையென்றால் தெரிந்த பெரிய மனிதர் பேரைச் சொல்வார்கள். இவள் இரண்டும் செய்யாதது அவருக்குக் கொஞ்சம் இளைப்பாறலாகக்கூட இருந்திருக்கலாம். மேஜை இழுப்பறையிலிருந்து அச்சடித்த தாள் ஒன்றை எடுத்துத் தள்ளினார்.

"விளக்க மனு. கீழ கையெழுத்து போடுங்க."

வேன்காரி இந்த முறை எழுத்துக்கூட்டி முழுசாகப் படித்தாள். பேனாவை எடுத்தாள். நடுவில் இருந்த ஒரு வரியை அழுத்தி அடித்தாள்.

"என்ன பண்றீங்க?"

"‘மேற்படி சம்பவத்துக்காக மனப்பூர்வமாக வருந்துகிறேன்’னு இருக்கு. அதை மட்டும் அடிச்சிருக்கேன்."

"அது எல்லாருக்கும் உள்ள வரிம்மா."

"எல்லாரும் வருந்துறாங்களா மேடம்?"

"எல்லாரும் கையெழுத்து போடுறாங்க."

"இப்பதான் ஒரு பொய்யைத் திருத்த இங்க வந்தேன். அதுக்குள்ள இன்னொண்ணா?"

சீருடை அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நீங்க பிடிவாதக்காரியா, இல்ல புத்தி கெட்டவங்களா?"

"வீட்டுல ரெண்டும் சொல்லுவாங்க."

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். குரல் கொஞ்சம் தணிந்தது. "இங்க பாருங்க. பழைய வழக்கு, ஒரே வழக்கு. அதுக்கப்புறம் உங்க பேர்ல ஒரு சின்ன புகார்கூட இல்ல. இதையெல்லாம் வெச்சு நான் தகுதி உண்டுன்னு எழுதிடலாம். ஆனா தீர்ப்புல ஒரு வார்த்தை இருக்கு. ‘காரணம் எதுவும் இல்லாமல் தாக்கினார்’. சாட்சி அப்படிச் சொல்லியிருக்கு. காரணமே இல்லாம ஸ்பேனரைத் தூக்குற ஆளை நம்பி நான் எப்படிக் குழந்தைங்களை அனுப்புவேன்? நீங்க என் இடத்துல இருந்தா அனுப்புவீங்களா?"

வேன்காரி யோசித்தாள். நியாயமாகத்தான் யோசித்தாள்.

"அனுப்ப மாட்டேன்."

"அப்ப சொல்லுங்க. என்ன காரணம்?"

வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசிக்கொண்டிருந்தவளுக்கு இங்கே வாய் எழவில்லை. காரணத்தைச் சொன்னால், சாட்சி பொய் என்று ஆகும். சாட்சி வீட்டில், பக்கத்துக் கட்டிலில் படுத்துத் தூங்குகிறாள். ராத்திரி பயந்து எழுந்தால் விளக்கைப் போட்டுவிட்டு அக்கா முகத்தைப் பார்த்து மறுபடி தூங்குகிறாள்.

"சொல்லமாட்டீங்களா?"

"காரணம் இருந்துச்சு மேடம். ஆனா அது என்னோடது மட்டும் இல்ல."

"அப்படின்னா நான் தகுதி இல்லைன்னுதான் எழுதணும். புரியுதா? வண்டி ஓட்ட முடியாது. இங்க இல்ல, எந்தப் பள்ளிக்கூடத்துலயும்."

"புரியுது."

புரியாமல் என்ன? காலையில் வண்டியில் ஏறும்போதே "வேனம்மா, எனக்குப் பல்லு விழுந்துடுச்சு" என்று வாயைத் திறந்து காட்டுகிற வாண்டுகளையும், அவர்கள் இறங்கும்போது விட்டுப்போகிற ஒற்றைச் செருப்பையும் நினைத்துக்கொண்டாள். நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அழமாட்டேன், இந்த மேஜைக்கு முன்னால் மட்டும் அழமாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"எழுதிக்கோங்க" என்றாள்.

"எழுதாதீங்க."

பின்னாலிருந்து குரல் வந்தது. சின்னவள் நின்றுகொண்டிருந்தாள். மாடிப்படியில் ஓடி வந்த இளைப்பு. விரலெல்லாம் ஜெராக்ஸ் மையின் கறுப்பு. கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறாள். இந்தத் தொடர் ஆரம்பித்ததிலிருந்து அவள் யாரையும் குறுக்கிட்டுப் பேசி நாம் பார்த்ததில்லை.

"நீ எதுக்குடி வந்தே? வீட்டுக்குப் போ."

"மேடம், அந்த சாட்சி நான்தான்."

"வாயை மூடுடி!" வேன்காரி எழுந்தே விட்டாள். "மேடம், இவ என் தங்கச்சி. என் மேல பாசத்துல எதையாவது உளறுவா. கண்டுக்காதீங்க."

"நீ சும்மா இருக்கா." சின்னவளின் குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "ஒவ்வொரு தடவையும் நீயேதான் அடிக்கணுமா? நான் ஒரு தடவை அடிக்கிறேன், விடு."

கைரேகை மெஷினில் விரல் வைத்திருந்த காவலாளி விரலை எடுக்க மறந்து அப்படியே திரும்பிப் பார்த்தார்.

சீருடை அம்மாள் நாற்காலியைக் காட்டினார். சின்னவள் உட்கார்ந்தாள். எதிரே இருந்த தாளைப் பார்த்துக்கொண்டே பேசினாள். அன்றைக்கு என்ன நடந்தது, சுவரில் எந்த இடத்தில் தலை மோதியது, அக்கா வராவிட்டால் என்ன ஆகியிருக்கும், கோர்ட்டுக்கு முந்தின நாள் யார் யார் என்ன சொல்லிக் கொடுத்தார்கள், கூண்டில் நிற்கும்போது அக்கா தன்னை எப்படிப் பார்த்தாள்.

"எப்படிப் பார்த்தாங்க?" என்று கேட்டார் சீருடை அம்மாள். கேட்கவேண்டிய கேள்வி அல்ல அது. ஆனாலும் கேட்டுவிட்டார்.

"‘சரி, சொல்லிட்டு இறங்கு’ங்கற மாதிரி பார்த்தா. திட்டியிருந்தாக்கூடத் தேவலாம்னு இருந்துச்சு."

வேன்காரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மேஜைக்கு முன்னால் அழமாட்டேன் என்றுதானே சொல்லியிருந்தாள். ஜன்னல் கணக்கில் வராது.

"அப்ப கோர்ட்டுல நீங்க சொன்னது பொய்" என்றார் சீருடை அம்மாள் நிதானமாக. "அதை இப்ப எழுத்துல கொடுத்தா, உங்க மேல பொய்ச் சாட்சி வழக்கு வரலாம். பேர் பதிவாகும். நாளைக்கு நீங்க எங்க வேலைக்குப் போனாலும் இதே மேஜைக்கு வந்து உட்காரணும். யோசிச்சுதான் பேசுறீங்களா?"

"ரொம்ப வருஷமா யோசிச்சுட்டேன் மேடம். தாள் கொடுங்க."

"உங்க அண்ணன் பேரும் இதுல வரும். விண்ணப்பத்துலயும் அவர், இதுலயும் அவர்."

"வரட்டும்" என்றார்கள் இருவரும். ஒரே நேரத்தில்.

சின்னவள் எழுதினாள். அவள் விரலில் இருந்த கறுப்பு தாளின் ஓரத்தில் எல்லாம் ஒட்டியது. எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டதும், சீருடை அம்மாள் வாங்கி இரண்டு முறை படித்தார்.

"இதை வெச்சு இன்னிக்கே தகுதி உண்டுன்னு என்னால எழுத முடியாது. மேலதிகாரி பார்க்கணும். அதுவரைக்கும், விசாரணை நடக்குது, முடிவு வரலைன்னு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் தர்றேன். சாவி கொடுக்கிறதும் கொடுக்காததும் அவங்க இஷ்டம்." பிறகு வேன்காரியைப் பார்த்து, "அந்த வரியை அடிச்சது அடிச்சதாவே இருக்கட்டும்" என்றார்.

"நன்றி மேடம்." சாயங்கால வேளைக்கு வண்டி எடுக்க நேரமாகிக்கொண்டிருந்தது. வேன்காரி கிளம்பப் போனாள்.

"இருங்க. புகார் கொடுத்தவரையும் நான் கூப்பிட்டு விசாரிக்கணும். அவர் இப்ப எங்க இருக்கார்னு தெரியுமா?"

"தெரியாது" என்றாள் வேன்காரி. "அவன் எங்க ஒழிஞ்சானோ. இவ வந்த நாள்லேருந்து ஒரு பேச்சும் இல்ல."

சின்னவள் தன் போனை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"நம்பர் இதுல இருக்கு. நேத்து கூப்பிட்டார்."

"யார் கூப்பிட்டது? அவனா? உன் நம்பர் அவனுக்கு எப்படித் தெரியும்?"

"அண்ணன் போய் அவரைப் பார்த்திருக்கார். உன் விண்ணப்பம் நின்னுபோச்சுன்னு தெரிஞ்ச உடனே. புகார் தப்புன்னு அவர் எழுதிக் கொடுத்தா சரியாயிடும்னு."

அண்ணன் சொன்ன அந்த ‘பார்த்து சரி பண்ணிடலாம்’ இதுதானா! வேன்காரிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஆனாலும் கேட்கவேண்டியதைக் கேட்டாள். "அவன் என்ன சொன்னான்?"

"எழுதித் தர்றாராம். நான் திரும்பிப் போனா."

"நீ என்ன சொன்னே?"

"யோசிச்சு சொல்றேன்னேன்." சின்னவள் அக்காவை நேராகப் பார்த்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அப்படி நேராகப் பார்த்தாள். "போயிடலாம்னுதான்கா இருந்தேன். பையைக்கூட எடுத்து வெச்சிட்டேன். காலையில நீ கடைக்கு வந்து, குறி பார்த்துதான் அடிச்சேன்னு சொன்னே பாரு. அதுக்கப்புறம் எனக்குப் போக முடியல."

வேன்காரி தங்கையின் கறுப்பு அப்பிய கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். இந்தக் கை தனக்காக அந்த வீட்டுக் கதவை மறுபடி தட்டப் போயிருக்கும் என்று நினைத்தபோது பிடி இன்னும் இறுகியது. வேலை போனால் போகட்டும், இது போயிருந்தால் என்ன செய்திருப்பாள்?

சீருடை அம்மாள் மேஜை போனை இழுத்து அந்த நம்பரை அழுத்தினார். மணி அடித்தது. வெகுநேரம் அடித்தது. பிறகு எடுத்தான்.

"யாரு?"

ரிசீவரிலிருந்து அந்தக் குரல் மேஜைக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. சின்னவளின் தோள் தானாகச் சுருங்கியது. சீருடை அம்மாள் பேச வாயெடுத்தார்.

சின்னவள் அக்காவின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள். எட்டி, ரிசீவரை அந்த அம்மாளின் கையிலிருந்து வாங்கினாள். யாரும் தடுக்கவில்லை.

"நான்தான் பேசுறேன்" என்றாள். "போலீஸ் ஆபீஸ்லேருந்து."